சிவப்பு நுனி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பட்டறைக்குப் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். நகரசபைக்காகக் கட்டியிருக்கும் புதிய கூட்ட அரங்குக்கு நம்மிடம் நூற்றிருபது மைக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மூன்று பேர். முதலாளி ஒவ்வொரு மேசையாகக் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் நான் மைக்குகளைக் கேட்டுச் சோதிக்கும் கண்ணாடி அறைக்கு முன்னால் நின்றார்.

"இவங்கதான் எங்க கம்பெனியோட காது. இவங்க காதுல விழாத குறை வெளியில யார் காதுலயும் விழாது."

பதினொரு வருடமாக இதையேதான் சொல்கிறார். பதினொரு வருடமாக எனக்கு இது அலுக்கவும் இல்லை.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேட்டார்: "எனக்கு ஒண்ணு மட்டும் புரியறதே இல்ல. குரல் எப்படிம்மா கம்பிக்குள்ள போகுது?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் நான். விடுவேனா?

"குரல் கம்பிக்குள்ள போறதே இல்லீங்க. நீங்க பேசினா காத்து வந்து மைக்கோட வாசலைத் தள்ளும், இழுக்கும். அந்த வாசல்ல வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அது உள்ள போகும், வெளிய வரும். சவ்வுக்குப் பின்னால ஒரு காயில் ஒட்டியிருக்கு. முடியைவிட மெல்லிசு கம்பியில சுத்தினது. அதைச் சுத்தி காந்தம். காந்தத்துக்கு நடுவுல கம்பி அசைஞ்சா அதுல மின்சாரம் பிறக்கும். சவ்வு உள்ள போனா ஒரு பக்கமா ஓடும், வெளிய வந்தா மறுபக்கமா ஓடும். உங்க குரல் வாசலோட நின்னுடுது. அது எப்படி ஆடிச்சோ அதே ஆட்டத்தை மின்சாரம் ஆடிக்கிட்டுக் கம்பியில போகுது."

அந்த அம்மாள் கைதட்டிவிட்டார். முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவரே மைக்கைக் கண்டுபிடித்த மாதிரி.

ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டர் மேசையிலிருந்து நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. கணவர் போன பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வேலையில் நான்தான் சேர்த்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "அண்ணி, ஆட்டம் நல்லா இருந்துச்சு" என்றாள். மைக்கின் ஆட்டத்தைச் சொன்னாளா என் ஆட்டத்தைச் சொன்னாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

காயில் சுற்றும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் சிட்டு. நாள் நெருங்கவில்லை, இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், நேற்று மேசையிலிருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. இருவரும் நலம். மூன்று மாதம் வரமாட்டாள்.

அரங்கத்து மைக்குகளில் நாற்பத்தெட்டுக்குத்தான் அவள் காயில் சுற்றி வைத்திருக்கிறாள். மீதி எழுபத்திரண்டை யார் சுற்றுவது என்று முதலாளி கேட்டார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை சுற்றுவது, ஒன்பதுக்கு மேல் என் கண்ணாடி அறை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயா என்று வீட்டில் இவர் சிரிக்கிறார். மாட்டிக்கொள்வதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

முதல் நாள். பட்டறையில் என்னையும் காவலாளியையும் தவிர யாரும் இல்லை.

சுற்றும் இயந்திரம் சின்னப் பொருள்தான், கைப்பிடி வலப்பக்கம். சிட்டு வலக்கையால் சுற்றி, இடக்கை விரல்களுக்கு நடுவில் கம்பியை வழிவிட்டுக் கொடுப்பாள். எனக்குப் பிறந்ததிலிருந்து எல்லாமே இடக்கை. சின்ன வயதில் அதற்காக வாங்கிய அடி கொஞ்சமில்லை, கைதான் மாறவில்லை. வலக்கையால் சுற்றிப் பார்த்தேன், கம்பி மூன்று முறை அறுந்தது. இயந்திரத்தைத் தூக்கி மேசையில் அப்படியே திருப்பிப் போட்டேன். கைப்பிடி என் இடக்கைக்கு வந்து சேர்ந்தது. பிறகு வெண்ணெய்தான்!

ஒரு காயிலுக்கு இருநூறு சுற்று. வாய்க்குள் எண்ண வேண்டும். எண்ணிக்கையில் நான் தவறியதாக யாரும் சொல்ல முடியாது. தொடங்கிய நுனியில் சிவப்பு மை தொட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் சால்டர் மேசையில் நாத்தனார் சிவப்பு நுனியை மைக்கின் சிவப்பு இணைப்புக் காலிலும் மற்றதைக் கறுப்புக் காலிலும் வைப்பாள். காயிலின் எண்ணையே மைக்கின் அடியிலும் எழுதிவிடுவோம். என் முதல் காயிலின் எண் நாற்பத்தொன்பது.

ஒன்பது மணிக்குள் ஆறு காயில். முதலாளி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சிட்டு சுத்தினதா?" என்று கேட்டார். நான் மேசையைத் துடைத்தேன். அடுத்த மேசைக்காரர் சொன்னார். அவர் சொல்வதுதான் அழகு.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுபத்திரண்டு முடிந்தது. ஒன்றுகூட அறவில்லை. இடக்கையே, நீ வாழ்க!

பிப்ரவரி 27, வெள்ளி

நூற்றிருபதும் இன்று வண்டியேறின. ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதே மூன்று சொல்லை நூற்றிருபது முறை சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது. ஒரு குறை இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சுற்றியதும் நான், கேட்டதும் நான். நகரத்தின் பெரிய மனிதர்கள் எல்லாம் இனி என் கம்பி வழியாகத்தான் பேச வேண்டும். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

அரங்கிலிருந்து போன். அங்குள்ள ஒலிப் பொறியாளர் பேசினார். முதலாளி என்னிடம் கொடுத்தார்.

"தனியா பேசினா ஒவ்வொரு மைக்கும் நல்லாத்தாம்மா இருக்கு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மைக்கைப் போட்டா குரல் காணாம போயிடுது. எல்லா இடத்துலயும் இல்ல, சில இடத்துல மட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருடைய கூடத்தில் என்ன கோணலோ! "மைக்கை அனுப்புங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மார்ச் 11, புதன்

இருபது மைக் திரும்பி வந்தது. இருபதையும் கேட்டேன், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. தேன் மாதிரி இருக்கிறது. திரும்பவும் "குறை இல்லை" என்று எழுதி, திரும்பவும் கையெழுத்து. இந்த முறை கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

மார்ச் 12, வியாழன்

பொறியாளரே நேரில் வந்துவிட்டார். ஒல்லியான, பொறுமையான மனிதர். என்னோடு வாதாடவில்லை. அந்த இருபதில் இரண்டை எடுத்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். "நீங்களே பேசுங்கம்மா."

முதல் மைக்கை மட்டும் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நல்ல குரல், என் குரல். அதை அணைத்து இரண்டாவதைப் போட்டார். அதுவும் நல்ல குரல். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டார்.

என் குரல் போய்விட்டது. முழுதாக இல்லை. குழாய்க்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஒரு மிச்சம் மட்டும் கேட்டது. பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரியவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். "ஒரு மைக் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது" என்றேன். ஒரே கதவை ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் தள்ளினால் கதவு எங்கே அசையும்? தனித்தனியாகக் கேட்டால் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சேர்த்தால்தான் ஒன்றை ஒன்று தின்னும்.

"அதேதாம்மா" என்றார் பொறியாளர்.

"அப்படின்னா தப்பு எங்க?" என்றார் முதலாளி.

"கம்பி மாறியிருக்கு. சிவப்பு கறுப்புல, கறுப்பு சிவப்புல" என்றேன். சொல்லிக்கொண்டே சால்டர் மேசையைப் பார்த்தேன். முதலில் பார்த்தது நான்தான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

நாத்தனார் எழுந்து நின்றாள். "நான் சிவப்பைச் சிவப்புலதான் வெச்சேன் அண்ணி."

"வெச்சிருந்தா இப்படி ஏன் ஆகுது?"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். திங்கட்கிழமைக்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் அரங்கம் நூற்றிருபதையும் திருப்பிவிடுமாம். "உங்க நாத்தனார்னு பாக்கறேன். இல்லேன்னா இன்னைக்கே அனுப்பியிருப்பேன். திங்கட்கிழமை வரட்டும்."

மார்ச் 13, வெள்ளி

அவள் வேறு பஸ்ஸில் வந்தாள், வேறு பஸ்ஸில் போனாள். பின்னறையில் தனியாகச் சமைத்துக்கொண்டாள். வேலை போனால் அந்த அறையில் தங்கவும் மாட்டாள். எனக்குத் தெரியும், அவளுக்கு ரோஷம் அதிகம். அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதைவிட எங்காவது போய்விடுவாள்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தையல்காரர், பேச்சு எப்போதும் ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "அவ எட்டு வயசுலேர்ந்து என்கூட உக்காந்து பொத்தான் தைக்கிறா. ஒரு பொத்தானைக்கூட மாத்தித் தைச்சதில்ல."

பொத்தானும் காயிலும் ஒன்றா? அவர் தங்கைக்காக அவர் பேசுகிறார். பேசட்டும்.

மார்ச் 14, சனி

நான் பார்த்ததைத்தான் சொன்னேன். குறை எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். அதற்குத்தானே இந்தக் காதை வைத்திருக்கிறார்கள்? சொல்லாமல் இருந்தால்தானே தப்பு?

சரி, ஒருத்தி எழுபது எண்பது மைக்கில் வரிசையாக மாற்றி வைப்பாளா? மூன்று வருடமாக ஒன்றுகூட மாற்றாதவள்?

மார்ச் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது?

காலையில் இவருடைய மோட்டார் மெஷின் நின்றுவிட்டது. பழைய கை மெஷினை எடுத்து முன்னறை மேசையில் வைத்தார். தடித்த திரைச்சீலை, இரண்டு கையாலும் துணியைப் பிடிக்க வேண்டும். "கொஞ்சம் கைப்பிடியைச் சுத்தித் தாயேன்" என்றார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். கைப்பிடி என் இடக்கைக்கு வாகாக இருந்தது. சுற்றினேன்.

கரக் என்று சத்தம். நூல் சிக்கி முடிச்சு விழுந்தது.

"ஏம்மா, தலைகீழா சுத்துறே. நீ அந்தப் பக்கம் உக்காந்திருக்கே இல்ல? உனக்கு முன்னாலன்னா மெஷினுக்குப் பின்னால."

என் கை அப்படியே நின்றது. "என்ன, கை வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

பட்டறையில் காயில் சுற்றும் இயந்திரத்தைத் திருப்பிப் போட்டேனே. நான்தானே திருப்பிப் போட்டேன், போட்டுவிட்டுச் சிட்டுவைப் போலவே எனக்கு முன்பக்கமாகத் தள்ளிச் சுற்றினேன். சிட்டு சுற்றினால் கம்பி வலமாகப் போகும், நான் சுற்றினால் இடமாகப் போகும். தொடங்கிய நுனி தொடங்கிய நுனிதான், அதில் சிவப்பு சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் சிவப்பைச் சிவப்பில்தான் வைத்தாள். ஆனால் உள்ளே கம்பி எதிர்ப்பக்கமாக அல்லவா ஓடுகிறது? சிட்டுவின் காயில் தள்ளும்போது என் காயில் இழுக்கிறது. எழுபத்திரண்டும். ஒன்றுகூட அறாமல், ஒன்றுகூடத் தவறாமல், எழுபத்திரண்டும் தலைகீழ்!

அப்புறம் அதையே காதுல வெச்சுக் கேட்டு, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு கையெழுத்து வேற போட்டேன். பெரிசா போட்டேன். கூடம் கோணல்னு சிரிச்சேன். என் வாய் இருக்கே, இந்த வாய்!

யாருக்குத் தெரியும்? காலைல ஏழு மணிக்கு யார் இருந்தா? காவலாளிக்கு இயந்திரத்தோட முன்னும் பின்னும் தெரியுமா? நூத்திருபதும் நானே சுத்தியிருந்தா எல்லாம் ஒரே பக்கமா இழுத்திருக்கும், குறைன்னு ஒண்ணு இருந்ததே தெரிஞ்சிருக்காது. சிட்டுவோட நாப்பத்தெட்டு கலந்ததாலதானே மாட்டிக்கிச்சு. நான் பேசாம இருந்துட்டா? கம்பியை மாத்தி வெச்சா சரியாயிடும். சால்டர் தப்புன்னே முடிஞ்சிடும். அவளுக்கு வேற வேலை பாத்துக் குடுக்கலாம். கிடைக்காதா என்ன?

மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. இதையும் நான்தான் எழுதினேன்.

பின்னறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. எப்போதும்போல ஒரு கோடு பிசகாமல் மடிக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

ஏழு மணிக்கே போய்விட்டேன். காவலாளி, "இன்னைக்கும் காயிலாம்மா?" என்றார். "ஆமா, இன்னைக்கும் காயில்தான்" என்றேன்.

பழுது பார்க்கும் மேசையில் ஒரு முள் மீட்டர் உண்டு. பூஜ்யம் நடுவில் இருக்கும், முள் இரண்டு பக்கமும் போகும். மைக்கின் இரண்டு காலையும் அதில் மாட்டி, வாசலில் "ப்" என்று ஒரு ஊது. காற்று சவ்வைத் தள்ளும்போது முள் முதலில் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். காது வேண்டாம், கண் போதும். இதைப் பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது செய்திருக்கலாம். என் காது இருக்க முள் எதற்கு என்ற எண்ணம்.

எண் 7: வலம். எண் 31: வலம். எண் 52: இடம். எண் 88: இடம். இருபதையும் ஊதினேன். எட்டு வலம், பன்னிரண்டு இடம். நாற்பத்தெட்டு வரை உள்ள எண் எல்லாம் வலம். நாற்பத்தொன்பதிலிருந்து ஒன்று பாக்கியில்லாமல் இடம். நேற்றே தெரிந்ததுதான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இருந்தாலும் பன்னிரண்டையும் இரண்டாம் முறை ஊதிப் பார்த்தேன்.

பன்னிரண்டு பெட்டியிலும் "குறை இல்லை" என்பதை அடித்துவிட்டு, "குறை உண்டு. காயில் தலைகீழாகச் சுற்றியது. சுற்றியவள் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு முதலாளி, பொறியாளர், மற்ற எல்லோரும் வந்தார்கள். நாத்தனார் தன் மேசைப் பொருள்களை ஒரு பையில் போட ஆரம்பித்திருந்தாள். நான் சுற்றும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுமேசையில் வைத்தேன். சிட்டு எப்படிச் சுற்றுவாள் என்று காட்டினேன். திருப்பிப் போட்டு, நான் எப்படிச் சுற்றினேன் என்றும் காட்டினேன்.

"சால்டர்ல தப்பில்ல. சிவப்பு சிவப்புலதான் இருக்கு. எழுபத்திரண்டையும் தலைகீழா சுத்தினது நான். அதைக் கேட்டு நல்லா இருக்குன்னு சொன்னதும் நான். வியாழக்கிழமை இவளைப் பாத்துக் கை காட்டினதும் நான்தான்."

தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். பதினொரு வருடமாக எத்தனையோ குறையைக் கண்டுபிடித்திருக்கிறேன். இதுவும் நான் கண்டுபிடித்த குறைதான். அந்தப் பெருமையை ஏன் விட வேண்டும்?

முதலாளி கைப்பிடியைத் தானே ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பொறியாளர்தான் முதலில் பேசினார். "பயந்துட்டேன். இது சுலபம்தான். மைக்கைப் பிரிக்கவே வேண்டாம், பின்னால ரெண்டு கம்பியை மாத்தி வெச்சா போதும். அதுலயும் எழுபத்திரண்டை மாத்துறதுக்குப் பதில் நாப்பத்தெட்டை மாத்திட்டா வேலை குறைச்சல். எல்லாம் ஒரே பக்கமா இருந்தா எங்க அரங்குக்குச் சரி."

"வேண்டாங்க" என்றேன். "சிட்டு சரியா சுத்தியிருக்கா. அவளோடதைத் தொடக்கூடாது. மாத்துறது என்னோடதைத்தான்."

"இருபத்துநாலு மைக் கூட ஆகுமே" என்றார் முதலாளி.

"ஆகட்டும்."

இனி சால்டர். எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் பையைக் கீழே வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எழுதிக் குடுங்க அண்ணி. சிவப்பைக் கறுப்புல வெக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு யாரும் என்னைக் கேக்கக்கூடாது."

எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் சால்டர் கோலைச் சூடேற்றினாள். கோபத்திலும் எவ்வளவு சுத்தமாக வைக்கிறாள்!

மார்ச் 18, புதன்

நேற்றும் இன்றும் அரங்கில். நூறு மைக் அங்கே இருக்கிறது, அதில் அறுபது என்னுடையது. நான் முன்னால் போய் ஊதி முள்ளைப் பார்த்து, "இடம்" என்பேன். அவள் பின்னால் வந்து கம்பியை மாற்றுவாள். மாற்றியதும் திரும்ப ஊதுவேன், "வலம்" என்பேன். இரண்டு நாளாக எங்களுக்குள் இந்த இரண்டு சொல்தான்.

இன்று மதியம் ஊதி ஊதித் தலை சுற்றி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தண்ணீர் பாட்டில் என் முன்னால் வந்தது.

"ஊதறதுக்கும் ஒரு அளவு இருக்கு அண்ணி. குடிங்க."

குடித்தேன். "நான் பண்ணினது தப்பு. உன்னைப் பாத்திருக்கக்கூடாது" என்றேன்.

"பாத்தது போகட்டும். மூணு வருஷமா என் கையைப் பாக்கறீங்க. அது தெரியலையேன்னுதான்."

மீதியை மூச்சு விடாமல் ஊதினேன்.

கடைசியில் பொறியாளர் எங்கள் இருவரையும் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு மைக்கையும் போட்டார். என்னுடைய எண் 90, சிட்டுவின் எண் 12. "பேசுங்க" என்றார். எனக்குப் பழகிய மூன்று சொல்லைச் சொன்னேன். குரல் கூரைவரை எழும்பிப் போய்க் கடைசி வரிசையில் விழுந்தது. இப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அரங்கு முழுக்கக் கேட்டது.

ஒரே பஸ்ஸில் வந்தோம்.

மார்ச் 20, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, நீங்க ஏன் ஒண்ணொண்ணா கேக்கறீங்க? ஒரு நல்ல மைக்கை எப்பவும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, புதுசா வர்றதை அதோட சேத்துக் கேட்டா? தலைகீழா இருந்தா உடனே குரல் போயிடுமில்ல?"

சுருக்கென்றது. பதினொரு வருடம் அந்த அறையில் உட்கார்ந்தவளுக்குத் தோன்றவில்லை, மூன்று வருடம் கோல் பிடித்தவளுக்குத் தோன்றுகிறது. "யோசிக்கலாம்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

மூன்று மணி வரைக்கும்தான் யோசித்தேன். பிறகு நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். யோசனை யாருடையது என்பதையும் முதலிலேயே சொன்னேன். கடைசியில் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை.

மார்ச் 30, திங்கள்

சோதனை இனி ஜோடியாகத்தான். சிட்டுவின் எண் 12-ஐ அரங்கிலிருந்து கேட்டு வாங்கி, அதற்கு வேறு கொடுத்துவிட்டோம். அதுதான் இனி எங்கள் அளவுகோல். சிட்டு திரும்பும்வரை நான் முழுநேரமும் காயிலில் இருக்கிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். யாரும் தள்ளவில்லை. புதிதாக எழுபத்திரண்டு காயிலைச் சரியான பக்கமாகச் சுற்றி முடிக்காமல் எனக்கு மனசு ஆறாது. கண்ணாடி அறையில் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள்.

இயந்திரம் திருப்பித்தான் இருக்கிறது, இடக்கையை நான் விடுவதாக இல்லை. ஆனால் சிவப்பு நகப்பூச்சால் அதன் மேல் ஒரு அம்புக்குறி வரைந்திருக்கிறேன். அம்பு என்னை நோக்கி இருக்கிறது. என் பக்கமாகச் சுற்ற வேண்டும். கைக்குப் பிடிக்கவில்லை, முனகுகிறது. பழகிக்கொள்ளும்.

ஏப்ரல் 10, வெள்ளி

எழுபத்திரண்டாவது காயிலும் மைக்காகி வந்தது. முள் மீட்டரில் எழுபத்திரண்டும் வலம். எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை.

சிட்டு குழந்தையோடு வந்து காட்டிவிட்டுப் போனாள். அம்புக்குறியைப் பார்த்து, "இது எதுக்கு அக்கா?" என்றாள். முழுக் கதையையும் சொன்னேன். இப்போதெல்லாம் நானே எல்லோருக்கும் சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் நன்றாகச் சொல்லமாட்டார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று திரும்பவும் பார்வையாளர்கள். அரங்கத்துக்காரர்கள் சொல்லி ஒரு கல்லூரியிலிருந்து நான்கு பேர். முதலாளி வழக்கம்போல ஒவ்வொரு மேசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் மேசையில் காயிலைத் தூக்கிக் காட்டினார். பிறகு கண்ணாடி அறைக்குப் போனார்கள். கதவு திறந்திருந்தது. நான் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லோரும் கேட்கும் அதே கேள்வி. குரல் கம்பிக்குள் எப்படிப் போகிறது?

"குரல் கம்பிக்குள்ள போறதே இல்லீங்க" என்று தொடங்கினாள் நாத்தனார். வெங்காயத்தோல், சவ்வு, முடியைவிட மெல்லிய கம்பி, காந்தம், எல்லாம் வரிசையாக வந்தது. என் வார்த்தைகள்தான். அவள் வாயில் இன்னும் நிதானமாக இருந்தது. "சவ்வு உள்ள போறப்ப எந்தப் பக்கம் ஓடணுமோ அந்தப் பக்கம் ஓடணும். அதைத் தனியா வெச்சுக் கேட்டாக் கண்டுபிடிக்க முடியாதுங்க, கூட இன்னொரு மைக் வேணும்" என்று, நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு ஏதோ என் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

முதலாளிக்குப் பழக்கதோஷம். "இவங்கதான் எங்க கம்பெனியோட காது" என்று ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

நாத்தனார்தான் முடித்தாள்.

"காது ரெண்டுங்க. இன்னொண்ணு அதோ உக்காந்து காயில் சுத்துது. தன் தப்பைத் தானே கண்டுபிடிச்ச காது அது. எங்க அண்ணி."

நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. ஆனால் நூற்று நாற்பதா, நூற்று ஐம்பதா, எத்தனையாவது சுற்றில் இருந்தேன் என்று தெரியவில்லை. எண்ணிக்கை போய்விட்டது.

கம்பியை அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணிச் சுற்றினேன்.